உள்ளே நின்ற இரண்டு

பெட்டியைக் கீழே வைக்கலாம்தான், பிராணிகள் ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு அடியில் இடம் இருந்தது, ஆனால் ஏசிக் காற்றில் தரை ஜில்லென்று கிடந்தது, அதற்குக் குளிர் ஆகாது, அதனால் கோகிலவாணி பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள், தொடை இரண்டும் மரத்துப்போன பிறகும். மடியில் இருந்தால் அது அசைவதாவது தெரியும். அசைந்தால் இருக்கிறது என்று அர்த்தம். பழைய துணி போட்டுவைக்கும் பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் கம்பியைக் காய்ச்சிப் போட்ட ஓட்டைகள், உள்ளே அவளுடைய கிழிந்த நைட்டி ஒன்று, அதற்குள் சுருண்டு கிடந்தது அவள் கணவர் ஆசையாக வளர்க்கும் மலைப்பாம்பு. சிங்காநல்லூரிலிருந்து வரும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பெட்டிக்குள் என்னங்க என்று கேட்டார், மிக்ஸிங்க, ரிப்பேருக்கு என்றாள், ஓட்டை போட்ட பெட்டியில் மிக்ஸி கொண்டுபோகிறவளை அந்த ஆள் என்ன நினைத்தாரோ, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினார். அந்த நிதானத்தை அவள் கவனித்தாள். பெயர் தெரியாத ஒருத்தர், உள்ளே இருப்பது அடிபடக் கூடாதது என்பதை மட்டும் புரிந்துகொண்டு, தானாக. வீட்டில் இருக்கிற மனுஷருக்கு ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது, சொன்னாலும் சரி, இப்போது அது வேண்டாம். எதிர் பெஞ்சில் வெள்ளை நாயோடு உட்கார்ந்திருந்த அம்மாள் உங்களுது பூனைங்களா என்று சிரித்தபடி கேட்டாள். இல்லைங்க, பாம்பு என்று இவள் சொன்னதும் நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் கேன் பக்கம் போய் நின்றுகொண்டாள். போகட்டும். தன்னைக் கண்டு தள்ளி நிற்கிறவர்களைக் கோகிலவாணிக்கு வெகுநாளாகப் பழக்கம்.

வந்தவுடன் வரவேற்பு மேஜைப் பெண் பெயர் கேட்டாள். கோகிலவாணிங்க என்றாள். உங்க பேர் இல்லை மேடம், பெட்டோட பேரு. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஏழு வருஷமாக அந்தப் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, அது, உங்களுது, அந்த ரூமில இருக்கிறது, இப்படித்தான், பேப்பரில் எழுதிக் காட்டலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அப்புறம் அம்மு என்றாள், தண்ணீரில்லாமல் மாத்திரை விழுங்குவது மாதிரி. அந்தப் பெண் கொஞ்சமும் யோசிக்காமல் அம்மு என்று கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள். அவளுக்கு என்ன தெரியும். மோகனசுந்தரம் அந்தப் பெயரை முதலில் வைத்தது பாம்புக்கு அல்ல. கோகிலவாணிக்கு வயிறு தெரிய ஆரம்பித்த புதிதில், ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்திருக்கும்போது அவர் அவள் வயிற்றில் காதை வைத்து அம்மு என்று கூப்பிடுவார். ஆணானாலும் அம்முதான் பெண்ணானாலும் அம்முதான் என்பார். பம்பு செட் மோட்டார்களோடு புழங்குகிற ஆள், காது வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வார் என்பார்கள், அந்தக் காதால் அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது இவளுக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருக்கும். எல்லாம் முடிந்துபோன மறுவருஷம் பெங்களூருக்குப் போய்விட்டு வந்தவர் ஒரு சட்டை அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார், உள்ளே ஒரு முழ நீளத்தில் பழுப்பும் கறுப்புமாக என்னவோ சுருண்டு கிடந்தது. ஆப்பிரிக்கப் பாம்பு, விஷம் கிடையாது, பயந்தால் பந்து மாதிரி சுருண்டுக்கும், பதிவெல்லாம் பண்ணியாச்சு, ஒண்ணும் பண்ணாது கோகிலா, தொட்டுப் பாரு. அவள் தொடவில்லை. இது பேரு அம்மு என்றார். அவர் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. ஒரு நல்ல பெயர் சும்மா கிடக்கிறது, வீணாக்குவானேன் என்பதைத் தவிர ஒன்றுமே. கிழக்குப் பக்கத்து அறையைக் கேட்காமலே அதற்குக் கொடுத்தார், இளமஞ்சள் அடித்து வைத்திருந்த அறை. பாம்புக்குச் சூடு வேண்டுமென்று பல்பு மாட்ட இடம் தேடி, கூரையில் தொட்டில் கட்டப் போட்டிருந்த கொக்கியிலேயே மாட்டினார். தோதாக இருக்குது பாரு என்று அவளையே கூப்பிட்டுக் காட்டினார்.

பெட்டிக்குள் ஏதோ லேசாக உரசியது. இருக்கிறது. மூடியைத் திறந்து பார்க்கலாம், வேண்டாம், அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திறக்காமலே தெரியும், வாலுக்குக் கொஞ்சம் மேலே இரண்டு புடைப்பு, ஒன்றின் பின்னால் ஒன்றாக, எலுமிச்சம்பழத்தைக் காலுறைக்குள் போட்டு இறுக்கிய மாதிரி, அந்த இடத்தில் செதில்கள் விலகி நடுவில் வெள்ளைத் தோல் தெரிகிறது. மற்ற ஐந்து முட்டைகளும் நல்லபடியாக வந்துவிட்டன. வருகிறது என்று தெரிந்ததும் மோகனசுந்தரம் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மாசக்கணக்காக அந்த வீட்டில் அதற்கு நடந்த உபசாரம் கொஞ்சமில்லை. ஜோடி சேர்க்கச் சேலத்திலிருந்து ஒரு நண்பரின் ஆண் பாம்பை வரவழைத்ததும், அது சினையாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு கதவை அடித்துச் சாத்தாதே என்று இவளிடம் சிடுசிடுத்ததும், ஈரப்பாசி வாங்கிவந்து அதன் கண்ணாடித் தொட்டியில் பரப்பியதும், எல்லாவற்றுக்கும் மேலே போனில் யாரிடமோ, எங்க வீட்டுல விசேஷமுங்க என்று சொல்லிச் சிரித்ததும். அவள் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை, அந்த வீட்டில், அந்தச் சிரிப்போடு. தோசை கருகி வாசம் வந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. முட்டை வந்த அன்று அறை வாசலில் நின்று பார்த்தாள். பாம்பு உடம்பை ஒரு பக்கம் வளைத்து நிறுத்தி மூச்சைப் பிடிக்கிறது, தோலுக்கு அடியில் அலை மாதிரி ஒன்று தலையிலிருந்து கீழே ஓடுகிறது, ஓடி ஓடி, பிறகு வெள்ளையாக ஒன்று மெதுவாகப் பிதுங்கி ஈரப் பளபளப்போடு வெளியே விழுகிறது. சத்தமே இல்லை. கத்தலில்லை, கையைப் பிடிக்க ஆளில்லை, அது பாட்டுக்கு. ஐந்தாவது வந்தபோது இவளுக்கு அடிவயிற்றில், இப்போது ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், சுருக்கென்று எரிந்தது. அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் மற்ற இரண்டும் நின்றுபோயின. அதற்கப்புறம்தான். தன் கண் பட்டதா. பாம்புக்குக் கூடவா கண் படும். ஊரில் அப்படித்தானே சொல்கிறார்கள், வளைகாப்பு வீடுகளில் மாமியார் அவள் முழங்கையைப் பிடித்துப் பின் வரிசைக்கு நகர்த்துவாள், சத்தமில்லாமல், சிரித்த முகத்தோடு, வளையல் தட்டு அவளைத் தாண்டி அடுத்தவளுக்குப் போகும். பாம்புக்கு மாமியார் இல்லை. நிற்காதே என்று சொல்ல ஆளில்லாததால் நின்றுவிட்டாள். இது என்ன பைத்தியக்கார நினைப்பு. தோலுக்கு அடியில் இருக்கிற முட்டைக்கும் வாசலில் நிற்கிறவளுக்கும் என்ன. ஆனாலும்.

முட்டைகளைச் சுற்றி அது படுத்துக்கொண்டது. ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்க, அவற்றின்மேல் சுற்றுச் சுற்றாகத் தன்னை வைத்து, உச்சியில் தலையை வைத்துக்கொண்டு, வருகிறவர்களை வெறித்தது. மோகனசுந்தரம் கையுறை போட்டுக்கொண்டு அதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தெடுத்து, முட்டைகளைத் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, சூடு காட்டும் கருவியை அதில் செருகினார். பிறகு பாம்பைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். முட்டை வாசம் போகணும் கோகிலா, இல்லாட்டி வெறுந்தொட்டியைச் சுத்திக்கிட்டே கிடக்கும், இரை எடுக்காது. வாசம் போனால் மறந்துவிடுமாம். அவள் துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது, நெஞ்சு கல்லாகி ரவிக்கை நனைந்தது, குடிக்க யாருமில்லை என்று உடம்புக்கு யார் போய்ச் சொல்வது, மாமியார் பூமார்க்கெட்டிலிருந்து மல்லிகையை முழமுழமாக வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டினாள், பால் வற்றிப்போகும் என்று. வற்றியது. அதிலிருந்து மல்லிகை வாசம் வந்தால் குமட்டுகிறது, கல்யாண வீட்டுக்குப் போக முடிவதில்லை, போனாலும் தள்ளி நிற்க வைக்கிறார்கள். வாசம் போனால் மறந்துவிடுமாம். அவளுக்கு வாசம் போட்டு மறக்க வைத்தார்கள், அதற்கு வாசத்தைக் கழுவி. வித்தியாசம் அவ்வளவுதான். கழுவி முடித்துத் துண்டில் வாங்கியபோதுதான் அந்தப் புடைப்புகள் கையில் தட்டுப்பட்டன. இன்னும் ரெண்டு இருக்குதுங்க என்றாள். வரும் வரும், அதுபாட்டுக்கு வரும் என்றார். சாயந்திரம் மோட்டார் கண்காட்சிக்கு ராஜ்கோட் ரயிலேறிப் போய்விட்டார். மறுநாளும் வரவில்லை. பாம்பு தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் களைத்து, மல்லாந்த மாதிரி கிடந்தது. போன் செய்தாள். பொறுத்துப் பார்க்கலாம், அவசரப்பட்டு டாக்டர்கிட்டப் போனா அறுத்துடுவாங்க என்றார். அதற்கு மறுநாளும் அதையேதான் சொன்னார். இன்று காலையில் அது தண்ணீர்க் கிண்ணத்தில் தலையை வைத்தபடியே, எடுக்கத் தெம்பில்லாமல் கிடந்ததைப் பார்த்தாள். தண்ணீர் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் கையை உள்ளே விட்டு அந்தத் தலையைத் தூக்கினாள். ஏழு வருஷமாகத் தொட்டி துடைத்து, இரைக்கென்று பனிக்கட்டியாக உறைய வைத்து வரும் எலிகளை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியால் நீட்டியிருக்கிறாள், துண்டில்லாமல் வெறுங்கையால் தொட்டது அதுதான் முதல் தடவை. வழவழப்பாக இருக்கும், அருவருப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். உலர்ந்து, வெதுவெதுப்பாக, கைப்பை மாதிரி இருந்தது. அவள் உள்ளங்கையில் தலையை வைத்துக்கொண்டு அது கிடந்தது. யாரையும் கேட்காமல் ஆட்டோ கூப்பிட்டாள்.

அம்மு என்று கூப்பிட்டார்கள். டாக்டர் ஷீபா சின்ன வயசு, நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, பாம்பைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது முகம் சுளிக்கவில்லை. விரல்களால் அந்தப் புடைப்புகளை அமுக்காமல் வெறுமனே வருடிப் பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள், படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். ஊசி போட்டு வெளியே தள்ள வைக்கிற நேரம் தாண்டிவிட்டது, இரண்டும் உள்ளே சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன, ஊசியால் உறிஞ்சிச் சுருக்கலாம் என்று பார்த்தால் கெட்டியாகிவிட்டன, பிடித்து இழுத்தால் முட்டைக் குழாயே கிழிந்துபோகும். இன்றைக்கே திறந்து எடுக்க வேண்டும், வீங்கிப்போன குழாயையும் சேர்த்து. அப்படி எடுத்தா இது இனிமே முட்டை போடாதுக்கா, ஆனா உயிரு இருக்கும், நாளைக்குன்னா அதுவும் எனக்குச் சொல்லத் தெரியல்ல. இதையெல்லாம் அந்தப் பெண் மெதுவாக, அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள், ஒரு குறையும் சொல்வதற்கில்லை. கடைசியில்தான், வழக்கமாகக் கேட்பதைக் கேட்கிற மாதிரி, வீட்ல சார்ட்ட கேட்டுட்டுச் சொல்றீங்களா என்றாள். கோகிலவாணி தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள். ஆட்டிப் பழகிய தலை, தானாக ஆடியது. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

வராந்தா என்றால் நீளமாக, வெளிர்பச்சையாக, ஒரு கோடியில் ஜன்னலோடு. எல்லா ஆஸ்பத்திரி வராந்தாவும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, மனுஷருக்கானாலும் நாய்க்கானாலும். பிரசவத்தன்றைக்கு அவள் கதவுக்கு உள்ளே இருந்தாள், வராந்தாவில் அவரும் மாமியாரும் நின்றார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, அதனால் கேட்டது. குழந்தை தலை திரும்பி மாட்டிக்கொண்டிருக்கிறது, இனிமேல் தானாக வராது, உடனே ஆப்பரேஷன் பண்ணணும் என்று அந்த டாக்டரம்மா சொன்னது கேட்டது. அப்புறம் மாமியாரின் குரல். இப்ப ஓடற நட்சத்திரத்துல பொறந்தா தகப்பனுக்கு ஆகாதுங்க, ஜோசியரு சொல்லியிருக்கறாரு, அது மாறட்டுமுங்க, அதுக்கு மேல பண்ணுங்க. டாக்டரம்மாள் கோபமாக ஏதோ சொன்னாள். பிறகு சத்தமில்லை. அந்தச் சத்தமில்லாத இடத்தில் அவள், வலிக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு, காதை மட்டும் வெளியே அனுப்பி, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். வயிற்றில் காது வைத்த மனுஷர். அறுங்க இப்பவே என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மோகனசுந்தரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமுங்களா டாக்டர் என்றார். தகப்பனுக்கு ஆகாது என்றார்களே, அந்தத் தகப்பன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருக்கிறார், சர்க்கரைகூடக் கிடையாது. பொறுத்துப் பார்த்தார்கள். நட்சத்திரம் மாறியது, உள்ளே அவள் கிழிந்தாள், குழந்தை போய், அதோடு அது இருந்த பையையும் எடுத்துப் போட்டுத்தான் இவளைப் பிழைக்க வைத்தார்கள். நல்லவேளை பெரிய உசுரு தப்புச்சு என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். பெரிய உசுரு. இனிப் பிள்ளை இல்லை என்பதை அவர் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை, அது உண்மை, வேறு கல்யாணம் பண்ணிக்கடா என்று அவருடைய அம்மா சொன்னபோதுகூடச் சும்மா இருந்துவிட்டார், அந்தச் சும்மா இருந்ததை நல்ல குணம் என்று எண்ணி இத்தனை வருஷம் அவள் சோறு போட்டிருக்கிறாள். சும்மா இருப்பது அவர் சுபாவம். வராந்தாவிலும் சும்மா இருந்திருந்தால் டாக்டரம்மாள் தானே அறுத்திருப்பாளோ என்னவோ.

போனை எடுத்தவர் முதலில் தெர்மாகோல் பெட்டியில் சூடு எவ்வளவு காட்டுகிறது என்றுதான் கேட்டார். பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ இந்தியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெளியே இருப்பதாகச் சொன்னாள், எங்கே என்று சொன்னாள், டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கொஞ்சம் அதட்டினார், பிறகு கெஞ்சுகிற குரலுக்கு மாறினார். நாளன்னிக்கு நான் வந்துடறேன் கோகிலா, சுடுதண்ணியில விட்டு வெச்சிரு, அதுபாட்டுக்கு வந்துரும், ஆறு மாசம் பாடுபட்டிருக்கறேன். நாளைக்கே தாங்குமான்னு சொல்ல முடியாதுங்கறாங்க, இப்பவே எடுத்தா உசுரு தங்குமுங்க, குழாயையும் எடுக்கோணும், இனி முட்டை மட்டும் வைக்காதாம் என்றாள். பிறகு அவர் சொன்னார், கோபமில்லாமல், நிஜமாகவே யோசித்து, ஒரு மோட்டாரைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

"அப்புறம் அதை வெச்சுட்டு என்ன பண்றது?"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கீழே ஒருத்தர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார், கிளம்பவில்லை, மறுபடியும் உதைத்தார். எப்போதும் சொல்லாத ஒன்றை அவர் சொல்லிவிட்டார், சொன்னது அவருக்கே தெரியாது. இத்தனை வருஷம் அந்த வாய்க்குள்ளே இது இருந்திருக்கிறது. சாப்பிடக் கூப்பிடும்போதும், துணி எடுத்துக் கொடுக்கும்போதும், தீபாவளிக்குக் கடைக்குக் கூட்டிப்போகும்போதும், கணக்குத் தீராத ஒரு கேள்வியாக உள்ளே நின்றுகொண்டிருந்து, இன்றைக்குப் பாம்பின் பேரில் வெளியே வந்து விழுந்திருக்கிறது. அதை வெச்சுட்டு என்ன பண்றது. சமைக்கலாம். தொட்டி கழுவலாம். எலியை இளக்கலாம். கோகிலா, கேக்குதா, லைன்ல இருக்கறியா என்றார். அவள் போனை அணைத்தாள். உள்ளே போய், எடுத்துருங்க டாக்டர் என்றாள். சார் என்ன சொல்றாங்க என்று அந்தப் பெண் கேட்டாள். அவரு ஊர்ல இல்லீங்க, நாந்தான் இருக்கறேன், நான் சொல்றேன் எடுத்துருங்க. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை, ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டாள்.

மடி காலியாக இருந்தது. பெட்டி இல்லாத தொடையில் ரத்தம் ஓட ஆரம்பித்து ஊசி ஊசியாகக் குத்தியது. வெள்ளை நாய் போய்விட்டது, வேறு யாரோ கூண்டில் கிளியோடு வந்திருந்தார்கள், கிளி சும்மா இருக்காமல் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. எப்படி மயக்கம் கொடுப்பார்கள், பாம்புக்கு மூக்கு எவ்வளவு இருக்கிறது, குழாய் சொருக முடியுமா. எங்கே அறுப்பார்கள், செதிலை எப்படித் தைப்பார்கள். மயக்கத்தில் அதற்கு ஏதாவது தெரியுமா. இவளுக்குத் தெரிந்தது, எல்லாம் தூரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கிற மாதிரி. செத்துப்போனால். போனால் அவர் கேட்பார், கேட்கட்டும். போனால் வீட்டில் அந்த அறை காலியாகும், அது வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறாள், தொட்டியைக் கழுவும்போது மூடியைச் சரியாகப் போடாமல் விட்டால் என்ன, ஜன்னலைத் திறந்து வைத்தால் என்ன, இதெல்லாம் நினைக்காதவளா. இப்போது அந்த நினைப்பைத் தேடினால் கையில் அகப்படவில்லை. பிழைத்துவிடு என்று யாரிடமோ சொன்னாள். யாரிடம் என்று தெரியவில்லை, சாமியிடம் பேசுவதை விட்டு வெகுகாலம் ஆயிற்று, நட்சத்திரங்களை ஓட்டுகிறவரிடம் கேட்க என்ன இருக்கிறது. பாம்பிடமே சொன்னாள். பிழைத்துவிடு, முட்டை இல்லாமல் இருக்கலாம், ஒன்றும் ஆகாது, சாப்பிடலாம் தூங்கலாம், வெயில் வந்தால் சூடாக இருக்கும், என்னைப் பார். சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுபோனாள். என்னைப் பார் என்பதற்கு அப்புறம் சொல்ல ஒன்றும் வரவில்லை. போன் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது, மோகனசுந்தரம், மோகனசுந்தரம், மறுபடியும் மோகனசுந்தரம். நின்றது. மறுபடி அதிர்ந்தது. கிளி அதைத் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் ஷீபா கதவைத் திறந்துகொண்டு வந்தபோது முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. மூச்சு நல்லா விடுதுக்கா, முழிக்க நேரம் ஆகும், சூடு வெச்சிருக்கோம் என்றாள். கோகிலவாணி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். அப்புறம் அந்தப் பெண், வேறு யாரிடமும் கேட்பது மாதிரிதான் கேட்டிருப்பாள், எடுத்ததைப் பாக்குறீங்களாக்கா என்றாள். பாக்குறீங்களா. இந்தக் கேள்வி உலகத்தில் இருக்கிறது. அன்றைக்கு அவளை யாரும் கேட்கவில்லை, அவள் கண் விழிப்பதற்குள் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து கால் கழுவிவிட்டார்கள், பெண் என்று மட்டும் யாரோ ஒரு நர்ஸ் சொன்னாள், முடி நிறைய இருந்ததா, யார் ஜாடை, ஒன்றுமே தெரியாது, புதைத்த இடத்தில் மேம்பாலம் வந்துவிட்டது. பாக்கறேனுங்க என்றாள். வளைந்த ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டும் கிடந்தன. ஒன்று மஞ்சளாக, மெழுகு மாதிரி இறுகி, சின்னதாக. அது உயிரே வைக்காததுக்கா என்றாள் டாக்டர். மற்றது வெள்ளையாக, ஒரு பக்கம் பிளந்திருந்தது, உள்ளே சிவப்பாக நூல் நூலாக நரம்புகள் ஓடியிருந்தன, ஒரு இலையைத் திருப்பிப் பார்த்த மாதிரி, அவற்றின் நடுவில் கடுகளவுக்குச் சுருண்டு ஏதோ. இதுல இருந்திருக்கு, ஆனா முடிஞ்சுபோச்சு. இவள் குனிந்து பார்த்தாள். எப்பங்க முடிஞ்சுது என்று கேட்டாள். அது தெரியாதுக்கா. முந்தாநாளே வந்திருந்தா? டாக்டர் தட்டை ஒருமுறை பார்த்தாள், சின்னப் பெண், பொய் சொல்லப் பழகவில்லை. வந்திருந்தா ஒருவேளை என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போக உதவிக்கு நின்ற பெண் கை நீட்டினாள். இருங்க என்றாள் கோகிலவாணி. யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த நூல் ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்த்து முடிக்கிற வரைக்கும் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, கண் மட்டும் காய்ந்து எரிந்தது.

உள்ளே, சூட்டு விளக்குக்கு அடியில், துண்டின்மேல் அம்மு நீளமாகக் கிடந்தது, ஒரு பக்கம் வரிசையாகத் தையல், புடைப்பு இருந்த இடம் தொளதொளவென்று மடிந்து. இது இவ்வளவு நீளமா. சுருண்டே பார்த்ததால் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். ரெண்டு வாரம் பாத்துக்கணும், வீட்ல யாரு இருக்கா என்று டாக்டர் கேட்க, நாந்தானுங்க என்றாள். அவர்கள் வேறு வேலைக்குப் போன பிறகு போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள். என்ன பண்ணுனே என்றார். இப்போது பின்னால் ஒலிபெருக்கி இல்லை, எங்கோ தனியாக வந்து நின்று பேசுகிறார் என்று தெரிந்தது. எடுத்தாச்சுங்க, ரெண்டையும், குழாயையும், உசுரோட இருக்குது. அவர் மூச்சை இழுப்பது கேட்டது. நான் அவ்வளவு சொல்லியும், என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு, குரலை இறக்கி, யாரைக் கேட்டு எடுக்கச் சொன்னே என்றார். பாம்பின் நாக்கு வெளியே வந்தது, ஒரு நுனி மட்டும், கறுப்பாக, எதையோ தேடிவிட்டு உள்ளே போனது. அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, நட்சத்திரம், மஞ்சள் அறை, மல்லிகை, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து வரிசையில் நின்றன, அவற்றில் எது முதலில் போவது என்று தெரியாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன, கடைசியில் எல்லாவற்றுக்கும் பதிலாக ஒன்றுதான் வெளியே வந்தது.

"போன தடவ உங்களைத்தானுங்க கேட்டாங்க."

அவள் காத்திருந்தாள். காதை மட்டும் அனுப்பிவிட்டு, மூச்சைக்கூட விடாமல். அவர் யோசிப்பது தெரிந்தது, நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிறார், முன்னால் ஏதாவது முட்டை, முன்னால் ஏதாவது டாக்டர், போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் என்று அடுக்கடுக்காகப் புரட்டிப் பார்க்கிறார், கிடைக்கவில்லை.

"எந்தத் தடவ?" என்றார்.